முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டு மீட்டர் வரை

நுரை அடங்கவில்லை.

சுண்ணாம்புக்கல் தூளின் மேல் அமிலம் விழுந்தால் ஒரு நிமிடம் பொங்கும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி புஸ்ஸென்று இரைந்து, பிறகு தானாக அடங்கி, அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் களிமண் மட்டும் தங்கும். ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைப் பார்த்துவந்த அனுப்பிரியாவுக்கு, பீக்கரைப் பார்க்காமலே சத்தத்தை வைத்து எப்போது வடிகட்டலாம் என்று தெரியும். இந்த பீக்கரில் சத்தம் சரியில்லை. இரைச்சலுக்குப் பதிலாக, யாரோ ஈர வாயால் எதையோ மெதுவாக மெல்வது போல ஒரு முணுமுணுப்பு. நுரையும் வெள்ளையாக இல்லை. அடித்த முட்டை மாதிரி கெட்டியாக, லேசான பழுப்பில், மூன்று விரல் உயரத்துக்கு நின்றது. கண்ணாடிக் குச்சியால் கிளறினாள். குழிந்தது. மறுபடி எழுந்தது. கிட்டே குனிந்தபோது அமிலத்தின் காரத்துக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை வந்தது, கறிக்கடைப் பலகையைக் கழுவி ஊற்றிய தண்ணீரின் வாடை.

மதியம் இரண்டரை மணி. வெளியே நவம்பர் மழை மூன்றாவது நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த மாடி வீட்டின் கீழ்த்தளம் முழுக்க ஆய்வுக்கூடம்தான். ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் கருங்கல் மேஜை, ஷோகேஸில் அமில பாட்டில்கள், ஜன்னலோரம் மைக்ராஸ்கோப். மேலே சந்திரிகா மேடம் குடியிருந்தார். கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயது. காலையில் கண் டாக்டரைப் பார்க்க சேலையூருக்கு ஆட்டோவில் போனவர் இன்னும் வரவில்லை.

மேடத்தின் வாழ்க்கையே இரண்டு துளைகள்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு அரியலூர் பக்கம் பதினோரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் துளை போட்டு, பூமிக்கடியிலிருந்து உருளை உருளையாக எடுத்த கல். ஒரு காலத்தில் கடலடியில் படிந்த கல். அதை மீட்டர் வாரியாக மரப்பெட்டிகளில் அடுக்கி, பின்கட்டு தகரக் கொட்டகையில் வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அனுவை உட்காரவைத்து விளக்கினார். கல்லுக்குள் இருக்கும் கார்பனில் கனமானது ஒன்று, லேசானது ஒன்று. கடல் செழிப்பாக இருந்த காலத்துக் கல்லில் அவற்றின் விகிதம் ஓர் அளவில் நிற்கும். கடல் செத்த காலத்துக் கல்லில் எண் சரிந்துவிடும். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு பெரிய சாவு. உலகத்தில் எங்கே அந்தக் காலத்துக் கல் கிடைத்தாலும் அதே சரிவு இருக்கும். மணலைவிடச் சின்ன கடல் ஓடுகளும் அதே இடத்தில் வகை மாறும். இரண்டும் ஒத்துப்போனால் அந்த அடுக்கின் வயதை அடித்துச் சொல்லலாம்.

"அந்தச் சரிவு எனக்கு முப்பத்தெட்டுலேருந்து நாற்பத்திரண்டு மீட்டருக்குள்ள வந்திருக்கும்மா," என்று வரைபடத்தைக் காட்டினார். அழகான வளைவு. ஊஞ்சல் கயிறு மாதிரி இறங்கி ஏறியது. வெளியூர் ஆய்வகத்துக்குத் தூளை அனுப்பி வாங்கிய எண்கள். ஆனால் கட்டுரையைப் பரிசீலித்தவர்கள், ஒவ்வொரு ஆழத்துக்கும் களிமண் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். அதற்குத்தான் அனு. "முப்பத்தெட்டுலேருந்து நாற்பத்திரண்டு வரைக்கும் நானே பண்ணிட்டேன். அந்த கவரையெல்லாம் நீ தொடாதே. மிச்சத்தைப் பாரு. பேப்பர்ல உன் பேரும் வரும்."

எம்.எஸ்ஸி. முடித்து இரண்டு வருஷம் முடிச்சூரில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. ஒரு கட்டுரையில் பேர் வந்தால் பிஎச்.டி.க்கு எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

இன்று மேடத்தின் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போதுதான் ஒரு கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்தாள். 39.45. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். பீரோவில் சாவி தொங்கியது. மேடம் வருவதற்குள் போட்டு முடித்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். பீரோவுக்குள் எண்பது ஜிப்லாக் கவர்கள், ஒவ்வொன்றிலும் மேடத்தின் மணிமணியான கையெழுத்து, ஆழ வரிசையில். 39.45ஐ எடுத்தாள். தூள் வெள்ளையாகத்தான் இருந்தது. கொஞ்சம் மிருதுவாக. அவ்வளவுதான்.

இப்போது பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், தன் கை பட்டதில் ஏதோ கலந்துவிட்டதோ என்று பயந்து இன்னொன்றைப் போட்டாள். 40.10. இன்னும் அதிகமாக நுரைத்தது. திறந்த ரேக்கிலிருந்து 37.90. புஸ்ஸென்று பொங்கி ஒரு நிமிடத்தில் அடங்கியது. 42.05. அடங்கியது. மேலே நல்ல கல், கீழே நல்ல கல். நடுவில் நாலு மீட்டர் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

வடிகட்டினாள். வடிதாளில் களிமண் இல்லை. ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி, ஒளி ஊடுருவும் சின்னச் சின்னத் திப்பிகள். கையுறை விரலால் ஒன்றை நசுக்கினாள். நசுங்கவில்லை. இழுபட்டது.

போன் அடித்தபோது துள்ளிவிட்டாள். அம்மா கங்கையம்மாள்.

"ஏய், இங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. வண்டி எடுத்துக்கினு வந்து மாட்டிக்காத. அந்த மேடம் வூட்லயே இன்னிக்குப் படுத்துக்க, கேட்டுப் பாரு."

"மா, நான் வரேன்மா. எப்படியாவது வரேன்."

"சொன்னாக் கேளு. அந்தம்மா நல்லவங்கதானே? என்ன உன் குரல் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லமா."

போனை மேஜையில் வைத்தாள். கரன்ட் போனது. ஃபேன் நின்றதும் மழைச் சத்தம் வீட்டுக்குள் நடந்து வந்த மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்திலேயே 39.45இன் தூளில் கொஞ்சம் கழுவி, கண்ணாடித் தட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவளுக்குப் பழக்கமான ஓடுகள் இருந்தன. திராட்சைக் கொத்து மாதிரி குமிழ் குமிழாக, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்பு கடலில் மிதந்தவை. அவற்றுக்கு நடுவே வேறு துண்டுகள். தேன்கூடு மாதிரி துளை துளையாக. பாதிக்கு மேல் அதுதான். மீன் எலும்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடல்தானே, மீன் செத்திருக்கும். ஆனால் அத்தனை கோடி வருஷம் புதைந்த எலும்பு கல்லாகிக் கறுத்திருக்கும். அதிலிருந்து இழுபடும் பிசின் வராது. இதில் ஈரம் இன்னும் இருக்கிறது.

தட்டை ஒரு மயிரிழை நகர்த்தினாள். ஒரு மினுக்கல். சாம்பல் நிற உலோகத் துணுக்கு, ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் ஏதோ ஒரு குழிக்குள் அழுத்தி அடைத்த வடிவத்தில் உருண்டையாக. என்னவென்று யோசிப்பதற்கு முன்பே அவள் நாக்கு தானாகப் போய் இடதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லைத் தொட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பு கேம்ப் ரோடு பல் டாக்டர் அடைத்த இடம். அதே வழவழப்பு.

பல் குழியில் அடைத்த உலோகம்.

எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். எழுந்தாள்.

ஜூலை மாதம் ஒரு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் வாசலில் உதைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அரிகிருஷ்ணன் வந்து உதவினார். அந்த ஊர்ப் பழைய குடும்பம். ரோட்டோரம் நாலு கடை வாடகைக்கு விட்டிருக்கிறவர். உதைத்துக்கொண்டே பேசினார். "கல்லு வேலைக்கா வர்ற? அந்தம்மாவுக்குக் கல்லுதான்மா புள்ள. போன வருசம் தீவாளிக்கு முன்னாடி, அகரம்தென்ல அவங்க ப்ளாட்டு பள்ளமா கீதுன்னு வூட்டுக்காரரு தயாளன் சாரு லாரி வெச்சு மண்ணடிச்சாரு. பத்தலைன்னு கொட்டாயில இருந்து நாலு பொட்டி கல்லையும் தூக்கிக் கொட்டிட்டாரு. அன்னிக்கு அந்தம்மா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. மறுநாளே சாரு கோச்சிக்கினு திருவண்ணாமலைப் பக்கம் ஏதோ ஆசிரமத்துக்குப் பூட்டாராம். அத்தோட ஆளைக் காணோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அனுவும் சிரித்தாள்.

எந்த நாலு பெட்டி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். வண்டிச் சாவி பையில்தான் இருந்தது. ஆனால் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது. தான் நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துவிடும், பெட்டிகளில் கல் இருக்கும், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்து கொட்டகைக்கு ஓடினாள்.

தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் தன் மூச்சுகூட அவளுக்குக் கேட்கவில்லை. இருட்டாக, குளிர்ச்சியாக, ஈரச் சாக்குப்பை வாடையோடு இருந்தது கொட்டகை. இரண்டு பக்கமும் கூரை வரை இரும்பு ரேக்குகள், நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. ரேக்குகளில் பெட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். மங்கல் வெளிச்சத்தில் எண்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனாள். 35. 36. 37. இடுப்பு உயரத்தில் 38. மூடியைத் தூக்கினாள்.

காலி.

39. காலி. 40. 41. எல்லாம் காலி. உருளைக் கற்கள் படுத்திருந்த இடத்தில் தூசு மட்டும் கோடு கோடாகக் கிடந்தது. 41ஆவது பெட்டியின் மூலையில் ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு காது உடைந்து, மடித்து, டிஷ்யூ தாளில் பத்திரமாகச் சுற்றி.

கல் இல்லை. கல்லே இல்லாமல் எண்பது கவர் தூள்.

"தலை நனைஞ்சிருக்கு பாரு."

திரும்பினாள். கொட்டகை வாசலில் மேடம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் வெள்ளைத் துண்டு. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதன் மேல்பையில் போன் டார்ச் எரிந்தபடி இருந்தது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் கருவிழி முழுக்கக் கறுப்பாக விரிந்திருந்தது. அவர் எங்கே பார்க்கிறார் என்றே தெரியவில்லை. இன்னொரு கை மழைக்கோட்டுப் பைக்குள் இருந்தது.

"39.45 எவ்வளவு வந்துச்சு?"

"மேடம்?"

"களிமண்ணு. எத்தனை சதவீதம்?"

"இன்னும்... எடை போடல மேடம்."

"அது அடங்காதும்மா. நான் ரெண்டு நாள் வெச்சிருந்து பார்த்தேன்." துண்டை நீட்டினார். அனு வாங்கவில்லை. கீழே விழுந்தது. "உன்கிட்ட சொல்லியிருந்தேனே, தொடாதேன்னு."

"நான் கிளம்பறேன் மேடம். அம்மா தண்ணி ஏறுதுன்னு..."

"அறுபது மீட்டர் கல்லு இருந்துதும்மா. அறுபது மீட்டர்ல அவர் கையில மாட்டினது அந்த நாலு மீட்டர்தான்." மேடம் ஓர் அடி உள்ளே வந்தார். வாசல் வெளிச்சம் மறைந்தது. "அகரம்தென்னுக்கு ஓடினேன். மேல ரோலர் விட்டுட்டாங்க. கையால தோண்டிப் பார்த்தேன், நகமெல்லாம் போச்சு. திரும்பி வந்தா அவர் டிவி பார்த்துட்டிருக்கார். கல்லுதானே சந்திரி, வேற வாங்கிக்கலாம்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதுதான். அந்தச் சிரிப்பு நிக்கற வரைக்கும் அடிச்சேன்."

மழை ஒரு கணம் குறைந்து மறுபடி கொட்டியது.

"அவர் பண்ணின பள்ளம். அவரே நிரப்பட்டும்னு தோணுச்சு. மொதல்ல மாட்டெலும்பு வாங்கிட்டு வந்து அரைச்சுப் பார்த்தேன். ஒத்துவரல. சோளத்தட்டை தின்ன மாடு, நம்பர் ஏறிடுச்சு. எலும்புல நாம தின்னது அப்படியே உக்காந்துக்கும் அனு. சோளமோ கடல் மீனோ நிறைய தின்னா ஏறும். இவர் அரிசிச் சோறு. சுத்த சைவம். கல்லுத்தூளோட கலந்தா எவ்வளவு வேணுமோ அவ்வளவுக்கு இறங்கிச்சு. மிக்ஸி ஜார்தான் ரெண்டு போச்சு."

அனு பின்னால் நகர்ந்தாள். முதுகில் ரேக்கின் இரும்பு. சந்துக்கு வேறு வழியில்லை.

"ரெண்டாவது துளையில அந்த அடுக்கே இல்ல. தண்ணி அரிச்சுட்டுப் போயிருக்கு. ரெண்டு இடமும் ஒத்துப்போகலைன்னா யாரு நம்புவாங்க? இருபது கவர் போதும். நான் வேற யாரையாவது பார்த்துக்கலாம்னு இருந்தேன். உன் மேல எனக்கு ஒண்ணுமில்லம்மா."

பையிலிருந்து கை வெளியே வந்தது. கல் உடைக்கும் சுத்தியல், ஒரு பக்கம் சதுரம், ஒரு பக்கம் கூர்.

அனு வலதுகையைத் தூக்கினாள். அவ்வளவுதான் முடிந்தது. முழங்கைக்குக் கீழே ஏதோ முறிந்த சத்தம் உடம்புக்குள் கேட்டது, காதில் இல்லை. வலி வரவில்லை. கை மட்டும் தப்பான இடத்தில் மடிந்து தொங்கியது. பிறகு வலி வந்தது. கத்தினாள். கூரை அந்தக் கத்தலைத் தின்றது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. குனிந்தாள். ரேக்கின் காலில் பட்டுத் தீப்பொறி. மூன்றாவது, தோளில். விழுந்தாள். மேடத்தின் செருப்பு அவள் தொங்கும் கையை மிதித்தது. இடதுகையால் ரேக்கைப் பிடித்தாள். எழுவதற்காகத்தான் பிடித்தாள். அது ஆடியது. சுவரில் மாட்டாத ரேக். நாலு பெட்டி காலியாகி, மேலே மட்டும் கனத்து நின்ற ரேக்.

இழுத்தாள். முழு உடம்பும் தொங்க, பல்லைக் கடித்து, இழுத்தாள்.

மேடம் அண்ணாந்து பார்த்தார். "வரிசை மாறிடும்..." என்றார்.

கல் விழுந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. வாயில் தூசு. கண் திறந்தபோது பக்கவாட்டில் படுத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே கால்கள் ஒரு பெட்டிக்கு அடியில் இருந்தன. இழுத்தால் வரவில்லை, உணர்ச்சியும் இல்லை. எங்கோ மேடத்தின் போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் உடைந்த கல் உருளைகள். உள்ளே வழிந்து வரும் மழைத்தண்ணீர். தண்ணீரில் மிதந்து வரும் புதுக் கவர்கள், இரண்டாவது துளையின் ஆழங்கள் எழுதுவதற்காக வாங்கி வைத்தவை.

கை எட்டும் தூரத்தில் மேடம். இரும்புச் சட்டம் இடுப்புக்குக் குறுக்கே. அசைந்தார். சுத்தியல் இன்னும் கையில்.

"மேடம்," என்றாள் அனு. குரல் காற்றாகத்தான் வந்தது. "மேடம், வேணாம்."

மேடம் முழங்கையால் ஊர்ந்து வந்தார், சட்டம் அனுமதித்த அளவுக்கு. அனுவின் தொடையைத் தொட்டார். கட்டைவிரலால் அழுத்தி, தசைக்கு அடியில் எலும்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். கல்லின் அடுக்கைத் தேடும் அதே பொறுமையான விரல். தினமும் பார்த்த விரல்.

"உங்க வீட்ல என்ன சாப்பாடு?" என்றார். "ரேஷன் அரிசியா?"

அனுவின் மண்டைக்குள் ஏதோ ஒன்று தனியாக, குளிர்ச்சியாக, யோசித்தது. அவள் வீட்டில் மீன் மாதத்துக்கு ஒரு தடவை.

"மீன்," என்றாள். "தினமும் மேடம். கடல் மீன். காலையில கூட மீன் குழம்புதான்."

"தினமுமா?"

"சின்ன வயசுலேருந்து. எங்க மாமா காசிமேட்டுல... தினமும் குடுத்தனுப்புவார். கருவாடு. மீன். அதுதான். சோறே கொஞ்சம்தான்."

மேடம் யோசித்தார். சுத்தியல் ஓங்கியபடி இருந்தது. விரிந்த கருவிழிகள் அவள் முகத்தில் நின்றன. பிறகு நாக்கைச் சப்புக்கொட்டினார், கெட்டுப்போன சாம்பிளைப் பார்க்கும்போது செய்வது போல.

"ஏறிடும்," என்றார். "ஒத்துவராது."

சுத்தியல் இறங்கியது. தரையில் வைத்தார். அனு மூச்சு விட்டாள். அழுகை வந்தது. முடிந்தது என்று நினைத்தாள். யாராவது வருவார்கள். அம்மா போன் பண்ணுவாள், எடுக்கவில்லை என்றால் யாரையாவது அனுப்புவாள். விடியட்டும்.

மேடம் போனை எடுத்து, தன் காலைப் பார்க்க வெளிச்சத்தைத் திருப்பினார்.

இடது முழங்காலுக்குக் கீழே கால் தப்பான திசையில் கிடந்தது. சுடிதார் கிழிந்திருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று வெளியே நீட்டியிருந்தது. ஈரமாக, சுத்தமாக, டார்ச் வெளிச்சத்தில் பளபளத்தது.

மேடம் அதைப் பார்த்தார். நெடுநேரம். முகத்தில் வலி இல்லை. மெல்ல மெல்ல அந்த முகம் தெளிந்தது.

"முப்பத்தோரு வருஷம்," என்றார். "ஒரே அடுப்பு. ஒரே சோறு. ஒரே கிணத்துத் தண்ணி. அவர் என்ன தின்னாரோ அதைத்தான் நானும் தின்னேன்." திரும்பி அனுவைப் பார்த்துச் சிரித்தார். முதல் நாள் வளைவைக் காட்டியபோது சிரித்த சிரிப்பு. "ரெண்டும் ஒத்துப்போகும்மா."

"மேடம்..."

"மார்க்கர் உன் கைப் பக்கத்துல கிடக்கு பாரு. கவர் எடு."

"மேடம், வேணாம் மேடம். ஆஸ்பத்திரிக்கு... மேடம்..."

"எடுக்கறியா, இல்ல உன் மீனையே பார்க்கட்டுமா?"

அனு எடுத்தாள்.

சுத்தியல் எழுந்தது. கூர்ப் பக்கம் கீழே. அனு கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட ஒரு கைதான் இருந்தது. அதில் மார்க்கர் இருந்தது. கேட்டது. ஒரு தடவை. மேடத்தின் தொண்டையிலிருந்து வந்தது மனுஷச் சத்தமாக இல்லை. இரண்டாவது தடவை. எதுவோ கல்லில் தெறித்தது. மூன்றாவது. பிறகு மூச்சு மட்டும், நாய் இளைப்பது போல. பிறகு மேடத்தின் குரல். நிதானமாக. பாடம் எடுக்கும் குரல்.

"ரெண்டாவது துளை. முப்பத்தொண்ணு பூஜ்யம் அஞ்சு. எழுது."

அனுப்பிரியா இடதுகையால் எழுதினாள். எழுத்து கோணியது.

"தெளிவா எழுதும்மா. நாளைக்கு யாராவது படிக்கணும்ல."

மறுபடி எழுதினாள். கவரை நீட்டினாள். வாங்கி, உள்ளே எதையோ போட்டு, பிதுக்கிக் காற்றை வெளியேற்றி, விளிம்பை இரண்டு தடவை விரலால் அழுத்தி மூடித் திருப்பிக் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"அடுத்தது," என்றார் மேடம். ஆனால் உடனே சுத்தியலை எடுக்கவில்லை. போனை வாயில் கவ்விக்கொண்டு, தன் சுடிதாரை இடுப்பு வரை கிழித்து, விரலை ரத்தத்தில் தொட்டுத் தொட்டு, முழங்காலிலிருந்து மேல்நோக்கி, சாண் வைத்து அளந்து, சம இடைவெளியில் ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டே போனார். தொடையில். இடுப்பில். விலாவில். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் எண்.